ஏ.சி-யின் வேலையைக் குறைக்கும் கல் சுவர்... ஒயின் ஆலைகள் சொல்லும் கட்டடப் பாடம்!

வெயில் ஏறினால் ஃபேனைப் போடுகிறோம். போதவில்லை என்றால் ஏ.சி ரிமோட்டைத் தேடுகிறோம். மாதக் கடைசியில் கரன்ட் பில்லைப் பார்த்து மலைக்கிறோம்.

இதே கவலை ஒயின் தயாரிப்பவர்களுக்குப் பல மடங்கு உண்டு. மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில், சில வகைகள் வருடக்கணக்கில் முதிரும் ஒயினுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். அதைவிட முக்கியம், வெப்பம் ஏறி இறங்கக் கூடாது. சூடு கூடினால் சுவை கெடும். காற்று வறண்டால், மரத்தின் நுண்துளைகள் வழியே ஒயின் ஆவியாகிக் குறையும். அதனால்தான் பல ஆலைகளில் குளிரூட்டும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

இந்த இயந்திரங்களின் வேலையைச் சுவரே செய்தால்? சில கட்டடக் கலைஞர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒயின் நமக்கு வேண்டாம். அதைக் காக்கும் சுவரை மட்டும் பார்ப்போம்.

கம்பி வலைக்குள் கல்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது நாபா பள்ளத்தாக்கு. பகலில் வெயில் கொளுத்தும். இரவில் நன்றாகக் குளிரும். அங்கே யவுண்ட்வில் என்ற சிற்றூரில் உள்ளது 'டாமினஸ்' ஒயின் ஆலை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் ஹெர்சாக், பியர் டி மியூரான் என்ற இருவர் வடிவமைத்தது. 1990-களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 100 மீட்டர், அகலம் 25 மீட்டர், உயரம் 9 மீட்டர்.

மலைப்பாதைகளில் மண் சரியாமல் இருக்க, கம்பி வலைப் பெட்டிக்குள் கற்களை நிரப்பி அடுக்கியிருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? 'கேபியன்' என்று அதற்குப் பெயர். அதே பெட்டிகள்தான் இந்த ஆலையின் வெளிச்சுவர். உள்ளே நிரப்பியது, அருகிலுள்ள அமெரிக்கன் கேன்யன் பகுதியில் கிடைக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை.

இந்தக் கற்கள் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாங்குகின்றன. இரவுக் குளிரையும் தடுக்கின்றன. சில இடங்களில் கற்களை நெருக்கமாகவும், சில இடங்களில் இடைவெளி விட்டும் நிரப்பியிருக்கிறார்கள். இடைவெளி வழியே காற்றும், சல்லடையில் சலித்ததுபோல வெளிச்சமும் உள்ளே வருகின்றன. தரையை ஒட்டிய பெட்டிகளுக்கு மட்டும் சிறிய கண் உள்ள வலை. காரணம், அந்தப் பகுதியில் விஷப்பாம்புகள் உண்டு. கல் இடுக்கில் அவை குடியேறக் கூடாது அல்லவா!

இந்தக் கட்டடத்தில் கான்கிரீட், இரும்பு, கண்ணாடி எல்லாமே உண்டு. ஆனால் வெயிலை முதலில் எதிர்கொள்வது உள்ளூர்க் கல்.

2.5 டன் கல், அதுவே சுவர்!

கல்லையே முழுச் சுவராக எழுப்பியவர், பிரான்ஸின் ஜில் பெரோதான். கட்டடக் கலைஞரான இவர், தெற்கு பிரான்ஸின் வோவெர் ஊரில் தன் சொந்த ஒயின் ஆலையை 1998-ல் கட்டினார். ஒவ்வொரு கல்லும் 2.10 மீட்டர் நீளம், 1.05 மீட்டர் உயரம், 52 சென்டிமீட்டர் தடிமன். எடை சுமார் 2.5 டன்! கிரேன் மூலம் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். கட்டடத்தைத் தாங்குவதும் அந்தக் கல்தான், வெயிலைத் தடுப்பதும் அந்தக் கல்தான்.

இந்தச் சுண்ணாம்புக்கல் வந்தது அதே வட்டாரத்தில் உள்ள வெர் கல் குவாரிப் பகுதியிலிருந்து. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் கட்டி, இன்றும் நிற்கும் போன் டு கார் கால்வாய்ப் பாலத்துக்குக் கல் கொடுத்ததும் அந்தப் பகுதிதான்.

எப்படிக் குளிர்கிறது?

அரை மீட்டர் தடிமனுள்ள கல்லை வெப்பம் கடக்கப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மதிய வெயில் மெதுவாக உள்ளே நகர்ந்து வருவதற்குள் வெளியே இரவாகிவிடும். குளிர்ந்த இரவுக் காற்று, கல் வாங்கிய சூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை, கல் மீண்டும் தயார்.

இதைவிடப் பழைய வழி ஜார்ஜியா நாட்டில் இருக்கிறது. அங்கே 'க்வெவ்ரி' என்ற முட்டை வடிவப் பெரிய மண்பானையைக் கழுத்து வரை தரைக்குள் புதைத்து, அதில் ஒயினைப் புளிக்க வைப்பார்கள். பூமிக்கடியில் வெப்பம் அதிகம் மாறாது. அதுவே அவர்களுக்கு ஏ.சி! இந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவிகிதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சிமென்ட்டையும் ஏ.சி-யையும் ஒருசேரக் குறைக்கும் எந்தச் சுவரும் கவனிக்க வேண்டியதுதான். ஆனால், 'அங்கே கட்டினார்கள், நாமும் கட்டுவோம்' என்று இறங்கிவிடக் கூடாது. கவனிக்க வேண்டியவை மூன்று:

* இரவு குளிர வேண்டும்: சென்னைபோல இரவிலும் புழுங்கும் கடலோர ஊரில், கனமான சுவர் பகல் சூட்டை இரவில் படுக்கையறைக்குள் விடும். அங்கே நிழலும், காற்று குறுக்கே ஓடும் ஜன்னல்களும்தான் முதல் தேவை.

* பக்கத்தில் கிடைக்க வேண்டும்: கல் கனமான பொருள். பல நூறு கிலோமீட்டர் லாரியில் வந்தால், சிமென்ட்டில் மிச்சம் பிடித்தது டீசலில் போய்விடும்.

* மலை மிஞ்ச வேண்டும்: 'இயற்கைப் பொருள்' என்பதாலேயே அது பாதிப்பில்லாதது ஆகிவிடாது. ஒரு குன்றையே வெட்டித் தீர்த்துவிட்டு எழுப்பும் சுவரைப் பசுமை வீடு என்று சொல்ல முடியாது.

வீடு கட்டப்போகிறவர்கள் வழக்கமாக இன்ஜினீயரிடம் கேட்பது, 'சதுர அடிக்கு எவ்வளவு?' அதற்கு முன் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: 'மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும்? இந்த ஊரிலேயே கிடைக்கும் எந்தப் பொருள் அதைத் தாங்கும்?' இதற்குச் சரியான பதில் கிடைத்தால், வீடு இருக்கும் காலம் வரை ஒவ்வொரு கரன்ட் பில்லிலும் அந்தச் சேமிப்பு தெரியும்.