பேக்கப் இருக்கிறது, மீட்க முடியுமா?

2017 ஜனவரி 31 இரவு. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், துணை சர்வரில் அழிக்கவேண்டிய தரவுக் கோப்புறையை ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்துக் கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. துணை சர்வரோ, புதிதாக நகலெடுப்பதற்காக ஏற்கெனவே காலிசெய்யப்பட்டிருந்தது. பேக்கப் ஏற்பாடே இல்லாத நிறுவனமல்ல அது. தினசரி பேக்கப் எடுக்கும் மென்பொருள் பழைய பதிப்பு, தரவுத்தளம் புதிய பதிப்பு என்பதால் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சரிபார்ப்பில் தேறாமல் திருப்பப்பட்டன. பேக்கப் போய்ச் சேரவேண்டிய கிளவுடைத் திறந்தால், வெறும் இடம். கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் எடுத்திருந்த, தரவுத்தளத்தின் அந்நேர நகலான ஒரு ஸ்னாப்ஷாட்தான். அதையும் மெதுவான வட்டுகளிலிருந்து நகலெடுத்து முடிக்க 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

பேரிடர் மீட்புத் திட்டம் என்பதைப் பேக்கப் எடுப்பதோடு ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் நம் அடிப்படைப் பிழை. எத்தனை மணி நேரத் தரவு போனால் தாங்கும், எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வதே திட்டம். அந்தப் பதில் உண்மையா என்பது, ஒருமுறை மீட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும். தரவு உடனுக்குடன் இரண்டு சர்வர்களில் பதிவாகிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது, முதல் சர்வரில் கொடுத்த அழிப்புக் கட்டளையும் அதே வேகத்தில் இரண்டாவதற்குப் போய்விடும். எல்லாம் கிளவுடில் பத்திரம் என்பதற்கும் 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எரிந்த, ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் பதில் சொல்லிவிட்டது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

இப்படி மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்கு ஆகும் செலவு சிறிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதே நியாயமான ஆட்சேபம். பெரிய வங்கியைப் போல மாற்று மையம் அமைக்க அவர்களால் முடியாது, உண்மைதான். ஆனால் டேலி கணக்கு மென்பொருளின் போன வார பேக்கப்பை, பயன்படாத ஒரு கணினியில், அதை வழக்கமாக எடுக்காத ஒருவரைக் கொண்டு மீட்டுப் பார்க்க அரை நாள் போதும். கடைசி பில் எண் பொருந்துகிறதா, கடவுச்சொல் அவருக்குக் கிடைத்ததா, மொத்தம் எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டால், திட்டத்தின் முதல் பக்கம் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.