நாலு பேர் தூக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் சக்கர நாற்காலியோடு எந்தப் படிக்கட்டின் முன்னால் போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் தூக்க ஆள் வந்துவிடும். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு வருவார், ஆட்டோக்காரர் வருவார், காலேஜ் பையன்கள் வருவார்கள். "அந்தப் பக்கம் புடி மாமா" என்று அவர்களுக்குள்ளேயே பேசித் தூக்கியும் விடுவார்கள். நாற்காலியில் இருப்பவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த நல்ல மனசுதான் நம் ஊரில் சாய்வுதளம் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் என்பது என் பெரியப்பாவின் கட்சி. அவரோடு தஞ்சாவூர் போய்வந்த பிறகு நானும் அந்தக் கட்சிதான்.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு சக்கர நாற்காலி. சட்டைப் பையில் இன்றும் ஒரு டேப் இருக்கும். போகிற இடத்திலெல்லாம் சரிவை அளப்பார். "ஒரு அடி உயரம்னா பன்னிரண்டு அடி நீளம். அதைவிடச் செங்குத்தா போட்டா அதுக்குப் பேரு ரேம்ப் இல்ல, சறுக்குமரம்" என்பார். அரசு வழிகாட்டு நெறிகளும் இந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கைத்தான் சொல்கின்றன. பணியில் இருந்த காலத்தில் எத்தனை கட்டடத்துக்கு ரேம்ப் வரைந்தீர்கள் என்று கேட்டேன். "மார்ச்சுவரிக்கு வரைஞ்சிருக்கேன்" என்றார்.

தஞ்சாவூரில் எங்களை முதலில் மடக்கியது விடுதி. போனில் கேட்டபோது "லிஃப்ட் இருக்கு சார், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்கள். லிஃப்ட் இருந்தது, லிஃப்டுக்குப் போக வாசலில் நாலு படியும் இருந்தது. குளியலறைக் கதவு 24 அங்குலம், பெரியப்பாவின் நாற்காலி 25. ஒரே ஒரு அங்குலம்தான். அந்த ஒரு அங்குலத்துக்காக அறுபதைத் தாண்டிய என் அண்ணன் தினமும் காலையில் அவரைத் தோளில் தாங்கி உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஈரத் தரை, பிடித்துக்கொள்ள கைப்பிடி கிடையாது. புது டைல்ஸும் எல்இடி விளக்கும் போட்ட விடுதி அது. ஆயிரம் வருஷத்துக் கோயில் இவ்வளவு சிரமம் கொடுக்கவில்லை.

பெரிய கோயிலுக்கு விடிகாலையிலேயே போய்விடுவது உத்தமம். கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் இரண்டையும் கடந்துவிட்டால் எதிரே விரிவது வெட்டவெளி. சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்த கணக்கு என்று பெரியப்பா உடனே சொல்லிவிட்டார். தள்ளுகிறவருக்கு ஒரு தகவல்: தளக்கல் இடுக்குகளில் முன்சக்கரம் சிக்கும். நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் ஓட்டினால் சிக்காது. வெயில் ஏறிவிட்டால் தரை கொதிக்கும். வெறுங்காலோடு தத்தித் தத்தித் தள்ளிக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு நான்டா கொடுத்து வச்சவன்" என்றார்.

நின்றுகொண்டு பார்ப்பவர்கள் நேரே விமானத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, நகர்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் பார்வை அடித்தளமான அதிட்டானத்தில் விழுகிறது. அங்கேதான் கல்வெட்டு. 1010-இல் கட்டி முடித்த கோயிலுக்கு இராசராசனும் அவன் அக்காள் குந்தவையும் தேவிமாரும் அதிகாரிகளும் என்னென்ன கொடுத்தார்கள் என்று வரிவரியாக ஓடுகிறது. செப்புத் திருமேனி ஒன்றைச் சொன்னால் அதன் உயரம் இத்தனை முழம், இத்தனை விரல் என்று அளவு இருக்கும். கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், அவர்கள் எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை பதிவு. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் கல்லில் இருக்கிறது. எழுத்து வடிவம் எங்களுக்குப் பிடிபடவில்லை. கையில் இருந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். விரல் கணக்கு என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஆபீஸ் ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. தென்புறம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவசரப்படாமல் ஒரு கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரோடுதான் போக வேண்டும் என்று தோன்றியது.

பிறகு சாரப்பள்ளம் பேச்சு வந்தது. விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல், அதை ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாரப்பள்ளத்திலிருந்து சாய்வுப் பாதை போட்டு மேலே ஏற்றினார்கள் என்பது பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கேட்டுவரும் கதை. ஒற்றைக்கல் அல்ல, பல கற்களைச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெரியப்பா மனக்கணக்குப் போட்டார். 216 அடி உயரத்துக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் சரிவு ஒன்றுக்குத் தொண்ணூறு. "கதை கட்டினவன்கூட இன்ஜினியர்டா. கல்லுக்கு இவ்வளவு சொகுசான ரேம்ப் போட்டிருக்கான். மனுஷனுக்கு ஆறடி போட மாட்டேங்கறாங்க."

பெருவுடையார் சன்னிதிக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். நின்றோம். வழக்கம்போல் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். "ஐயா, ஒரு நிமிஷம், தூக்கிருவோம்" என்று ஒருவன் கைப்பிடியைத் தொட்டான். பெரியப்பா நல்ல கையைத் தூக்கி நிறுத்தினார். "நாலு பேர் தூக்குற காலம் தானா வரும் தம்பி. அதுக்குள்ள என்ன அவசரம்?" பையன்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தூக்கப்படுகிறவருக்கு வேட்டி விலகும், தலை ஒரு பக்கம் சாயும், யாரோ ஒருவரின் பிடி நழுவினால் இடுப்பு போகும். சாமி கும்பிடப் போகிறவர் ஊருக்கு வேடிக்கையாகிவிடுவார். அவர் நந்தி மண்டபத்துப் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்லி, அங்கிருந்தே நேர் கோட்டில் உள்ளே பார்த்துக் கும்பிட்டார். வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று புராணம் பாடி வைத்திருக்கிற சமூகம் நாம். படிக்கட்டு மட்டும் விலக மறுக்கிறது.

அரண்மனையை அரை நாளில் முடித்துக்கொண்டோம். மாடங்களும் கோபுரமும் எங்களுக்கு இல்லை என்று முதலிலேயே தெரியும். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால்தான் அதிக நேரம். பெரிய கோயில் முடிந்ததற்கு அடுத்த வருஷம், 1011-ஐ ஒட்டி வார்த்த செப்புத் திருமேனி. சிவன் சாய்ந்து நிற்பதற்கான காளை இப்போது இல்லை. சாய்ந்த கை மட்டும் அப்படியே காற்றில் இருக்கிறது. பெரியப்பா வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரபோஜி மன்னர் காலத்துத் தன்வந்திரி மஹாலில் கண் நோயாளிகளைப் படம் வரைந்து சிகிச்சைக் குறிப்பு எழுதி வைத்ததையும் சரசுவதி மஹால் நூலகம் காத்து வருகிறது. உடல் குறையை ஒளித்து வைக்காமல் எழுதி வைத்த ஊர் இது.

தொன்மையான இடத்தில் கை வைக்க முடியாது என்பது வழக்கமாக வரும் பதில். கல்லில் உளி படக் கூடாது என்பது நியாயம். மரத்திலோ இரும்பிலோ செய்த, கழற்றி மாட்டக்கூடிய சாய்வுதளத்துக்கு உளி எதற்கு? ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ், பெரிய கோயிலைவிட ஆயிரத்து நானூறு வருஷம் மூத்தது, அதுவும் செங்குத்துப் பாறை மேல். அங்கே 2020 டிசம்பர் 3 அன்று, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், பாறைச் சரிவை ஒட்டிப் புது லிஃப்ட் திறந்தார்கள்.

சட்டத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. பிரதோஷத்தன்றும் ஐப்பசி சதயத்தன்றும் கூட்டத்தில் நாற்காலி நகராது. சக்கரத்தைத் துடைக்க ஈரத்துணி ஒன்று கையில் இருக்கட்டும். கோயில் வாசலில் பாதி வாக்குவாதம் அதிலேயே அடங்கிவிடும். ஏற்றமோ இறக்கமோ, எதைச் செய்யும் முன்பும் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்.

வீட்டில் சக்கர நாற்காலி இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விடுதிக்குப் போன் செய்யும்போது ஏசி உண்டா, வைஃபை உண்டா என்பதோடு, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் என்றும் கேட்டு வையுங்கள். இரண்டு பேர் கேட்டால் சிரிப்பார்கள். இருபது பேர் கேட்டால் தச்சரைக் கூப்பிடுவார்கள்.