பத்துச் சதத்தைப் பத்துத் தடவை கூட்டினால்

கல்லடியில் சி மொழி படிப்பிக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை: "சேர், பத்துச் சதத்தைப் பத்துத் தடவை கூட்டினா ஏன் ஒரு ரூபா வரல்ல?" திரையில் 0.9999999999999999 என்று நிற்கும். புரோகிராமில் பிழை இல்லை. இரண்டின் அடுக்குகளால் எண்ணும் இயந்திரத்துக்கு 0.1 முடிவில்லாமல் நீளும் எண். எங்காவது நிறுத்தி மட்டந்தட்டத்தான் வேண்டும். எந்தப் பக்கம் தட்டுவது என்பதில்தான் வில்லங்கம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சவூதியில், தஹ்ரான் நகரில், 1991 பெப்ரவரி 25 அன்று ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படைமுகாமில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். காவலுக்கு நின்ற பேட்ரியட் என்ற ஏவுகணை எதிர்ப்புக் கருவி, பத்தில் ஒரு செக்கனை அலகாக வைத்து நேரத்தை எண்ணி, அதை 0.1 ஆல் பெருக்கியது. அந்த 0.1 இன் வால், 24 பிட் பதிவேட்டுக்குள் அடங்குவதற்காக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுப்பட்டது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 100 மணித்தியாலம் ஓய்வில்லாமல் ஓடியதில் அது 0.34 செக்கனாகத் திரண்டது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியட் தவறான இடத்தில் தேடி அதைத் தவறவிட்டது. வெட்டாமல் கிட்டிய எண்ணுக்கு மட்டந்தட்டியிருந்தால் பிழை நாலில் ஒன்றாகக் குறைந்திருக்கும். நானே போட்டுப் பார்த்த கணக்கு இது.

மிதவைப்புள்ளி எண்களை, அதாவது கணினியில் தசமப் புள்ளியோடு வரும் எண்களை, எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ஐ.ஈ.ஈ.ஈ 754 நியமம், வில்லியம் காஹன் முன்னின்று உருவாக்கியது, 1985இல் வந்தது. கிட்டிய எண்ணுக்கு, மேலே, கீழே, பூச்சியத்தை நோக்கி என்று நான்கு விதமாக மட்டந்தட்ட அது வழிசெய்தது. 1999இன் சி நியமம் 'ஃபென்வ்' தலைப்புக் கோப்பின் மூலம் அந்தத் தெரிவைப் புரோகிராம் எழுதுபவர் கையில் கொடுத்தது. ஒரே கணக்கை மேலே தட்டி ஒருமுறை, கீழே தட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்பது காஹனின் யோசனை. இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகினால் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்தது விதிவிலக்குகள், அதாவது இயந்திரத்தால் சரியான விடை தர முடியாத கணக்குகள். மாரியில் வாவியில் தோணி இறங்காத நாள் என்று வையுங்கள். பிடித்த இறால் 0 கிலோ, போன தோணி 0. ஒரு தோணிக்கு எவ்வளவு என்று மிதவைப்புள்ளி எண்ணில் வகுத்தால் புரோகிராம் நிற்காது. 'நேன்', அதாவது எண்ணல்லாத ஒன்று, விடையாக வரும். அது மாதச் சராசரிக்குள் புகுந்து அதையும் 'நேன்' ஆக்கிவிடும். ஆனால் இயந்திரம் உள்ளே ஒரு கொடியை உயர்த்தியிருக்கும். அதே தலைப்புக் கோப்பிலுள்ள 'ஃபெடெஸ்ட்எக்செப்ட்' சார்பைக் கொண்டு கேட்டால் சொல்லும், கேட்பவர்தான் குறைவு. (முழு எண்ணில் பூச்சியத்தால் வகுத்தால் லினக்ஸ் கணினி பெரும்பாலும் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்று கத்திவிட்டுப் புரோகிராமையே நிறுத்தும். மிதவைப்புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!)

காசுக் கணக்கென்றால் சதத்தை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கணக்குகளில் வகுத்து முடித்ததும் கொடியைப் பாருங்கள். மட்டந்தட்டும் பக்கத்தை மாற்றுவதானால் ஜிசிசி கம்பைலருக்கு 'ஃப்ரவுண்டிங்-மேத்' என்ற தெரிவையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புரோகிராம் ஓடுமுன்பே சில கணக்குகளை அது பழைய முறையில் போட்டு முடித்திருக்கும்.