மடி வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்: மடிநோயைத் தடுப்பது எப்படி?

நேற்று வரை சொசைட்டியில் கிடைத்த பால் விலை இன்று இல்லை. மாடு நல்லாத்தான் இருக்கு. தீவனத்தில் மாற்றமில்லை, பாலில் தண்ணீரும் கலக்கவில்லை. ஆனாலும் எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பில்லாத திடப்பொருள் அளவு இறங்கியிருக்கிறது. பழி தீவனத்தின் மீதோ, டெஸ்ட் செய்யும் மெஷின் மீதோ விழும். உண்மைக் காரணம் பெரும்பாலும் யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது: மாட்டின் மடிக்குள்.

கறவை மாடு வளர்ப்பவர்களின் லாபத்தைச் சத்தமில்லாமல் கரைப்பது மடிநோய். வேலையை விட்டு மாட்டுப்பண்ணை தொடங்கும் இளைஞர்களும் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்

காம்பின் நுனித் துளை வழியாக பாக்டீரியா மடிக்குள் நுழைவதால் வருவது மடிநோய். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்தது. மடி வீங்கும், சூடாக இருக்கும், தொட்டால் மாடு உதைக்கும். பால் திரிதிரியாக, தண்ணீராக, சில நேரம் ரத்தம் கலந்து வரும்.

இரண்டாவது வகையில் வெளியே எதுவும் தெரியாது. மடியும் சரி, பாலும் வெள்ளை. ஆனால் பால் அளவும் தரமும் குறைந்துகொண்டே போகும். அதிக மாடுகளைத் தாக்குவது இந்த வகைதான். பக்கத்து மாடுகளுக்குக் கிருமியைக் கொடுப்பதும் இவைதான்.

கிருமி வரும் இரண்டு வழிகள்

ஒன்று, மாட்டிலிருந்து மாட்டுக்கு. கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி, கறவை மெஷினின் ரப்பர் குழாய் மூலம் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா பரவும். மற்றொன்று, தொழுவத்திலிருந்து. சாணம், சேறு, ஈரத் தரையில் இருக்கும் இ-கோலை போன்றவை காம்பில் ஒட்டும். மழைக்காலத்தில் மடிநோய் கூடுவதற்கு இந்த ஈரமும் சேறும் முக்கியக் காரணம்.

கறக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதல் 3, 4 பீச்சுப் பாலைக் கறுப்பு நிறக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். திரி இருந்தால் உடனே தெரியும். தரையில் பீச்சினால் கிருமி தொழுவம் முழுக்கப் பரவும்.

2. மடியைக் கழுவினால் மட்டும் போதாது, துடைத்து உலர்த்த வேண்டும். ஈர மடியில் வழியும் அழுக்குத் தண்ணீர் நேராகக் காம்புத் துளைக்குத்தான் போகும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி.

3. கட்டை விரலை மடக்கிக் கறப்பது காம்பின் உள்தசையைக் காயப்படுத்தும். முழுக்கையால் கறப்பதே நல்லது. பாலைத் தொட்டுக்கொண்டு கறக்கும் பழக்கமும் வேண்டாம்.

4. நோய் இல்லாத மாடு முதலில், நோயுற்ற மாடு கடைசியில்.

அந்த அரை மணி நேரம்

கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது. முழுதாக மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, சில மாடுகளில் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்தது போல்தான்.

இதற்கு இரண்டு எளிய தீர்வுகள் உண்டு. கறந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் காம்பு முக்குவதற்கென்று விற்கும் பொவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது முதல் தீர்வு. இரண்டாவதுக்குச் செலவே இல்லை: கறந்த பிறகு பசுந்தீவனம் போடுங்கள். தின்னும் மாடு நின்றுகொண்டே இருக்கும்.

மறைந்திருக்கும் நோயைப் பிடிப்பது எப்படி?

மடியில் தொற்று வந்தால் எதிர்த்துப் போராட வெள்ளையணுக்கள் பாலில் குவியும். நலமான மடியில் ஒரு மில்லி பாலில் அவை பொதுவாக 2 லட்சத்துக்குள் இருக்கும். இந்த அணுக்கள் பெருகியிருந்தால் காட்டிக்கொடுப்பதுதான் 1957-ல் உருவான கலிஃபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை. நான்கு குழி கொண்ட தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீச்சி, கரைசல் ஊற்றிச் சுழற்றினால், தொற்றுள்ள பால் கூழ் போலக் கெட்டியாகும்.

கிட் கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரைத்து, அதே அளவு பாலுடன் கலந்து பார்க்கலாம். கன்று ஈன்ற முதல் சில நாட்களில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

ஆன்டிபயாடிக்: எப்போது, எவ்வளவு?

அடுத்த கன்று ஈனுவதற்குச் சுமார் 60 நாட்களுக்கு முன் பாலை வற்ற விடுவார்கள். பழைய தொற்றைத் தீர்க்க நல்ல வாய்ப்பு இதுதான். கால்நடை மருத்துவர் தேவைப்பட்டால் காம்பு வழியாக மருந்து செலுத்துவார். கறவையில் இருக்கும் மாட்டுக்கு ‘போன தடவை போட்ட ஊசிதானே’னு தாமாகவே போடுவதுதான் ஆபத்து. மருந்து பாலில் கலக்கும், காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. அந்தப் பால் தயிராக உறையாமலும் போகலாம். கிருமிகளுக்கு மருந்து பழகிப்போவது அதைவிடப் பெரிய சிக்கல். இந்தக் கவலையால்தான் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குத் தர இந்தியா 2019-ல் தடை விதித்தது. எந்த மருந்து போட்டாலும் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை பாலை விற்கக் கூடாது.

ஆரம்ப நிலையில் மூலிகை மருத்துவமும் பரிந்துரைக்கப்படுகிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். பாலை முழுதாகக் கறந்துவிட்டு, கொஞ்சம் விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 முறை, குறைந்தது 5 நாள். காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீவனம் தின்னாவிட்டாலோ ‘ரெண்டு நாள் பார்க்கலாம்’னு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.

ஒருமுறை முற்றிவிட்டால் அந்தக் காம்பு நிரந்தரமாகவே பால் தராமல் போகலாம். அதைத் தடுக்க அன்றாடம் தேவைப்படுவது உலர்ந்த துணி, ஒரு குவளை அயோடின் கரைசல், ஒரு கட்டுப் பசுந்தீவனம்.