கண்ணாடியில் ஒட்டிய தாத்தா

குடியாத்தம் பக்கத்துக் காலனி ஒன்றில், பாட்டி ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய சட்டமொன்றைப் பரணிலிருந்து இறக்கி நம் கையில் கொடுத்தார். கூரை ஒழுகி நனைந்த படம். ஒரு ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. மிச்சமிருந்தது முகம், கோட்டு, குடைப்பிடி, ஒற்றைக்கால் பூட்ஸ். "எங்க தாத்தா. தங்கவயல்ல எடுத்தது" என்றார்.

கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஏராளமானோர் பண்ணைவேலையை விட்டு அங்கே போனார்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு அந்த ஊரிலிருந்தும் வெளிவந்தது. கூலி கையில் நின்றவர்கள் ஸ்டூடியோவுக்கும் போனார்கள். நிலப்பத்திரமோ கல்வெட்டோ இல்லாத நம் குடும்பங்களுக்கு அந்தப் படம்தான் ஆவணம். ஆனால் மிஞ்சியவை குறைவு. மழையும் கரையானும் மட்டுமா காரணம்? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, பல எரிந்தன. சுவரில் மாட்டியிருந்த முகங்களும் அதில் போயின.

பாட்டியின் பேரன் ஏற்கெனவே இந்தப் படத்தைச் செல்போனில் எடுத்து, டவுன் கடை ஒன்றில் 'சரிசெய்து' வாங்கி வந்திருந்தார். தாத்தாவை வெள்ளையாக்கி, பின்னால் நீலத்திரை போட்டிருந்தார்கள். பாட்டி பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டாராம். கறுப்பை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும் வேலைக்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைக்க நமக்கு மனமில்லை.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இழுக்கவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் பசைபோல இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஈரத்துணியால் துடைப்பதும் லேமினேஷன் போடுவதும் அதே கேடுதான். கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். அந்தக் கோப்பில் கைவைக்காமல், நகலில் மட்டும் கறைகளையும் கீறல்களையும் எடுத்தோம். கரையான் தின்ற ஓரத்தை வெறுமையாகவே விட்டோம். அங்கே யாராவது நின்றிருக்கலாம், நாம் வரையக் கூடாது.

பின் அட்டையைக் கழற்றியபோது பென்சிலில் 'மாரிகுப்பம்' என்று எழுதியிருந்தது. முன்பக்கம் சொல்லாததைப் பின்பக்கம் சொல்லும். அதையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். நீங்கள் எழுதுவதானாலும் மென்மையான பென்சிலால்தான், அதுவும் ஓரத்தில்; பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை தடம் பதிக்கும். படங்களைச் சமையலறைப் பரணில் வைக்காமல், காற்றாடும் இடத்தில் காகித உறையில் வையுங்கள். தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கியிருக்கிறார்கள். நம் காலனி வீடுகளுக்குள் போக வேண்டியது, ஸ்கேனர் வைத்திருக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகள்தான். போகும்போது நோட்டும் கொண்டுபோங்கள். படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்த கடைசி ஆள் அந்த வீட்டுப் பாட்டியாகத்தான் இருப்பார்.

புதுப் பிரதியைப் பாட்டியிடம் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்தார். கோட்டு ஸ்டூடியோக்காரருடையதாக இருக்குமோ என்றோம்.

"கோட்டு அவனுதுதான். பூட்ஸு எங்க தாத்தாவுது. லீவுல வந்தா, ஊர்த்தெரு வரைக்கும் போட்டுக்கினு வந்து, அங்க கழட்டிக் கையில எடுத்துக்குவாராம்."