பெங்களூரின் அடிநிலமும் சுரங்க ரயில் நிர்மாணமும்

ஒரு பாலத்தையோ கட்டடத்தையோ நிர்மாணிக்கையில் பெருஞ்செலவு எப்போது நேருகிறது என்று கேட்டால், வேலை நடைபெறும் காலத்தில்தான் என்று பலரும் விடை கூறுவர். பணம் கைமாறுவது அக்காலத்தில் என்பது உண்மையே. ஆனால் அச்செலவின் பெரும்பகுதி, கடைக்கால் தோண்டுவதற்கு முன்னரே, வரைபட மேஜையின்மீது நிர்ணயமாகிவிடுகிறது. அங்கே கேட்கப்படாமல் விடப்பட்ட கேள்விகளுக்கு வேலைத்தளத்தில் விடை கிடைக்கிறது. ஆனால் அப்போது அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பன்மடங்காகிறது. பெங்களூர் நகரில் ‘நம்ம மெட்ரோ’ என்னும் நகர ரயில் பாதை அமைந்த வரலாறு இதற்கு ஒரு தெளிவான உதாரணம்.

இத்திட்டத்தின் விரிவான அறிக்கையை டில்லி மெட்ரோ ரயில் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தயாரித்தது. மத்திய சர்க்காரின் அங்கீகாரம் 2006 ஏப்ரலில் கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் 24-ஆம் தேதி பிரதம மந்திரி மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டில் வேலை தொடங்கியது. 33 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைக்கு 6,395 கோடி ரூபாய் ஆகும் என்பது அக்காலத்து மதிப்பீடு. முதற்கட்டம் 2017 ஜூனில் முற்றுப்பெற்றபோது பாதையின் நீளம் 42.3 கிலோமீட்டராகவும், செலவு 13,800 கோடி ரூபாய்க்கு மேலாகவும் ஆகியிருந்தன. இவ்வேறுபாடு முழுவதையும் நிர்வாகக் குறை என்று கொள்வது நியாயமன்று. பாதையின் வடமுனையும் தென்முனையும் இடையில் நீட்டப்பட்டன. இரும்பு, சிமெண்டு, கூலி ஆகியவற்றின் விலை பத்தாண்டுகளில் ஏறியது. நிலத்தைக் கையகப்படுத்தக் காலம் பிடித்தது. சாலையோர மரங்களை வெட்டுவதற்கு 2009-இல் நகர மக்களிடையே பலத்த எதிர்ப்பும் எழுந்தது. எனினும், இவை யாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், காலத்தைத் தின்ற ஒரு பகுதி தனித்து நிற்கிறது. அது நிலத்துக்கடியில் செல்லும் 8.8 கிலோமீட்டர்.

கிழக்கு மேற்காகச் செல்லும் பாதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பகுதியான பையப்பனஹள்ளி – மகாத்மா காந்தி சாலைப் பாதையில் 2011 அக்டோபர் 20-ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. தூண்களின்மீது அமைந்த 6.7 கிலோமீட்டர் அது. மேற்கே மைசூர் சாலையிலிருந்து மாகடி சாலை வரையிலான பகுதி 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டிய 4.8 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2016 ஏப்ரல் இறுதியில்தான் திறக்கப்பட்டது. நாலரை ஆண்டுக் காலம் கிழக்குப் பகுதி, நகரின் நடுவில் முடிந்துபோன ஒரு துண்டுப் பாதையாகவே இயங்கியது. பிரயாணி இறங்க விரும்பிய மெஜஸ்டிக்கிற்கு அது அவரைக் கொண்டுசெல்லவில்லை.

பொறியியலார் இதனை ‘தீர்மானிக்கும் பாதை’ என்ற முறையால் விளக்குவர். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஓர் இரசாயனக் கம்பெனியின் ஆலைகளுக்காக இம்முறை வகுக்கப்பட்டது. ஒரு வேலையின் உறுப்புகளை வரிசைப்படுத்தி, எது முடிந்தபின் எது தொடங்க இயலும் என்று குறித்துக்கொண்டு பார்த்தால், முதலிலிருந்து இறுதிவரை செல்லும் தொடர்களுள் மிக நீண்டதே முழு வேலையின் காலத்தைத் தீர்மானிக்கும். அத்தொடரைச் சேராத வேலையை எத்தனை விரைவாகச் செய்தாலும் முடிவு நாள் ஒரு நாளும் முன்னே வராது. பெங்களூரில் தூண்களை விரைவாக எழுப்பியது பாராட்டத்தக்கதே. ஆயினும் முடிவு நாளை நிர்ணயித்தது சுரங்கம்.

சுரங்கம் ஏன் தாமதமாயிற்று என்பதை அறிய அந்நகரின் அடிநிலத்தை அறிய வேண்டும். லால்பாக் தோட்டத்தில், கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கும் பாறை மேட்டைப் பார்த்தோர் பலர். ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையுடைய நைஸ் என்னும் பாறை அது; தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், நகரத்தின் அடித்தளத்தையே அவர்கள் காலடியில் காட்டலாம். ஆனால் அந்தப் பாறை எங்கும் ஒரே ஆழத்தில் இல்லை. மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கி, யுகக்கணக்கில் பாறையை அரித்து மண்ணாக்கியிருக்கிறது. வெடிப்பு நெருக்கமாயிருந்த இடத்தில் ஆழம் வரை செம்மண். வெடிப்பு அருகியிருந்த இடத்தில் மேலேயே கெட்டிப் பாறை. இடைப்பட்ட இடங்களில், அரிப்புக்குத் தப்பிய உருண்டைக் கற்கள், பாயசத்தில் முந்திரிபோல் மண்ணுக்குள் ஆங்காங்கே கிடக்கின்றன. இக்கற்களுள் சில ஒரு வீட்டின் அறையளவு பெரியவை.

ஏறத்தாழ 6 மீட்டர் குறுக்களவுள்ள சுரங்கம் குடையும் இயந்திரத்துக்கு முழுவதும் மண்ணாயிருந்தாலும் தொல்லை இல்லை, முழுவதும் பாறையாயிருந்தாலும் தொல்லை இல்லை. கீழ்ப்பாதி பாறையும் மேற்பாதி மண்ணுமாக இருப்பதே இடர். சுழலும் வெட்டுத்தலையின் ஒவ்வொரு சக்கரக் கத்தியும் ஒரு சுற்றில் ஒருமுறை மண்ணிலிருந்து வந்து பாறையில் மோதுகிறது. கத்தி விரைவில் தேய்கிறது, சில சமயம் உடைகிறது. பாறைக்காக இயந்திரம் மெல்ல நகரும் அந்நேரத்தில் மேலேயுள்ள இளகிய மண் அளவுக்கு மீறி உள்ளே சரிகிறது. அதனால் உண்டாகும் வெற்றிடம் மேலெழும்பிச் சாலையில் பள்ளமாக வெளிப்படக்கூடும். கத்தியை மாற்றுவதும் எளிதன்று. தொழிலாளர் முன்னறைக்குள், வேண்டுமானால் அழுத்தப்பட்ட காற்றில், சென்று வேலை செய்ய வேண்டும். முதற்கட்டத்தில் ஹெலன், மார்கரீட்டா, காவேரி, கிருஷ்ணா, கோதாவரி என்று பெயரிடப்பட்ட இயந்திரங்கள் பணியாற்றின. அவற்றுள் கோதாவரி, வெட்டுத்தலை பழுதுற்று மாதக்கணக்கில் நிலத்துக்கடியில் நின்றுவிட்டது.

இயற்கையோடு மனிதர் செய்தவையும் சேர்ந்துகொண்டன. மெஜஸ்டிக் பஸ் நிலையம் அமைந்துள்ள இடம் முன்னாளில் தர்மாம்புதி ஏரி. ஏரியைத் தூர்த்தாலும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. பழைய வீடுகளின் கிணறுகள் குழாய்நீர் வந்தபின் மூடப்பட்டு, அவற்றின்மேல் அறைகள் எழுந்தன. எந்தப் பதிவேட்டிலும் அவை இல்லை. சுரங்க முகப்பில் மண்ணைத் தாங்க வேண்டிய அழுத்தம் இத்தகைய கிணற்றை எட்டினால் அதன் வழியே வெளியேறிவிடுகிறது. கிணறும் அதன்மேல் உள்ள தரையும் அமிழ்கின்றன. கிருஷ்ணராஜ மார்க்கெட் அருகே தோண்டுகையில் 2012-இல் பழங்காலப் பீரங்கிகள் கிடைத்தன. வரலாற்று ஆசிரியர்க்கு அது விருந்து. வேலை அட்டவணையை வைத்திருப்பவர்க்கு அவ்வாறில்லை.

பூர்வாங்க ஆய்வின் பயன் இங்குதான். பாதை நெடுகத் துளையிட்டு, எடுத்த மண்ணையும் பாறைத்துண்டுகளையும் ஆழவாரியாகப் பதிவு செய்கின்றனர். இரு துளைகளுக்கு இடையே என்ன உள்ளது என்பதோ ஊகமே. ஆற்று மணலால் நிரம்பிய சமவெளியில் அவ்வூகம் பெரும்பாலும் பொருந்தும். பெங்களூரில் சில அடி தள்ளினாலே பொய்த்துப்போகும். ஆகவே, அங்கே துளைகளை நெருக்கமாக இடுவதும், நில அதிர்வு அலை, மின்தடை ஆகியவற்றைக் கொண்டு இடைவெளியைச் சோதிப்பதும், வீடு வீடாகச் சென்று கிணறுகளைக் கேட்டறிவதும் வீண் செலவாகா. இவற்றுள் கடைசியது மிக மலிவானது; முதியவர் ஒருவரிடம் கேட்டாலே போதும். கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்டும் ஓவர்சீயருக்கும் இம்முறை பொருந்தும். நான்கு மூலைகளிலும் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பதும், அவ்விடத்தில் பழைய குட்டை இருந்ததா என்று ஊராரைக் கேட்பதும் ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால், சுவரில் விரிசல் கண்டபின் கடைக்காலுக்கு முட்டுக் கொடுக்கும் வேலை மாதங்களுக்கு நீளும்.

திட்டமிடுதல் வேலை தொடங்கியவுடன் முடிந்துவிடுவதன்று. 2023 ஜனவரி 10-ஆம் தேதி, விமான நிலையப் பாதைக்காக வெளிவட்டச் சாலையில் நாகவாரா அருகே நிறுத்தப்பட்டிருந்த தூணின் கம்பிக்கூடு சாலைமீது சாய்ந்தது. அவ்வழியே இரு சக்கர வண்டியில் சென்ற ஒரு தாயும் அவருடைய சிறு மகனும் உயிரிழந்தனர். முடிந்த தூண் பல நூறு டன் பாரத்தைத் தாங்கும். அதற்கு அவ்வலிமையைத் தருவது கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றானபின் உண்டாகும் பிணைப்பு. கான்கிரீட் இடுவதற்கு முந்திய நாட்களில் அது உயர்ந்து நிற்கும் கம்பிக் கட்டு மாத்திரமே; பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க நாற்புறமும் இழுப்புக் கம்பிகளோ சாரமோ வேண்டும். இத்தகைய தற்காலிக ஏற்பாடுகள் முடிந்த கட்டடத்தின் வரைபடத்தில் காணப்படுவதில்லை. அதனாலேயே அவை எவர் பொறுப்பிலும் சேராமல் நழுவுகின்றன. முட்டு, சாரம், இழுப்புக் கம்பி ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரைந்து, அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் இன்னார் என்று முதலிலேயே எழுதிவைப்பது திட்டத்தின் ஓர் அங்கமாக வேண்டும்.

இரண்டாங்கட்டத்தில் காளேன அக்ரஹாரம் – நாகவாரா பாதையின் சுரங்கப் பகுதிக்கு ஒன்பது இயந்திரங்கள் ஈடுபடுத்தப்பட்டன. 2020 ஜூலையில் கண்டோன்மெண்டிலிருந்து புறப்பட்ட ஊர்ஜா, 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி சிவாஜிநகரில் வெளிப்பட்டது. 855 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ பதினான்கு மாதங்கள். நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மீட்டர். கடைசி இயந்திரமான துங்கா, ஏறத்தாழ 940 மீட்டரை ஒன்பது மாதங்களில் கடந்து 2024 அக்டோபர் 30-ஆம் தேதி நாகவாராவை அடைந்தது. இரண்டு இடங்களின் மண்ணும் ஒன்றல்லவாதலால், இவ்வேகம் முழுவதையும் அனுபவத்தின் பயன் என்று கூறவியலாது. இயந்திரங்கள் கீழே ஊர்ந்த காலமெல்லாம், மேலே வீட்டுச் சுவர்களில் பதித்த குறிகளை அளவைக் கருவியால் நோக்கித் தரை அமிழ்ந்த அளவை மில்லிமீட்டரில் பதிவு செய்வதும், குறித்த வரம்பை அது நெருங்கினால் கீழே இருப்பவர்க்கு உடனே தெரிவிப்பதும் களப்பணியாளரின் வேலையாயிருந்தது.