கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை!

2023 நவம்பரில் ஒரு ராத்திரி. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், தட்டில் வைத்த தோசையைப் பிட்டுக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்த மாசத்தோட வேலை இல்லையாம். ஆறு லட்சம் தர்றாங்களாம். நாளைக்குக் காலையில இதுல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

பதினான்கு வருஷம்! கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். மாதம் நாற்பதாயிரம் ரூபாய் சம்பளம். மூத்தவள் நாலாம் வகுப்பு. சின்னவனுக்கு மூன்று வயது. எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அழுகைக்கு நடுவில் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஊருக்குப் போன் போட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் என் பெரியப்பா இருக்கிறார். ஒரு மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

"அழாத தாயி. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். அந்தக் காகிதத்த எடு. அதுல என்ன எழுதியிருக்கு? வாசி, கேப்போம்."

வாசித்தேன். 'சொந்தக் காரணங்களுக்காக என் வேலையை ராஜினாமா செய்கிறேன்' என்பதுதான் அதன் சாரம்.

"ராஜினாமாவா? மாப்பிள்ளையா வேலை வேண்டாம்னாரு? அவங்கல்லா வேண்டாங்காங்க! அதுல கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லு. 'ஆட்குறைப்பு'ன்னு எழுதித் தரச் சொல்லு. அந்த ஒரு வார்த்தைக்கு விலை உண்டு!"

அந்த வார்த்தைக்கு என்ன விலை?

அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வேலை போகும்போது கைக்கு வருகிற நஷ்ட ஈட்டையும் வருமானவரிச் சட்டம் சம்பளமாகத்தான் பார்க்கிறது. அதனால் கம்பெனியே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ஆனால் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்து நிறுத்தினால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும் என்று 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தையும் ஒரு முழு வருஷமாக எண்ண வேண்டும். அந்த அளவுக்கு உட்பட்ட தொகைக்கு வரி கிடையாது. உச்ச வரம்பு 5 லட்சம் ரூபாய்.

ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? தானே விலகினவருக்கு ஆட்குறைப்புச் சலுகை எப்படிக் கிடைக்கும்? இந்த விஷயம் தெரியாமல் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் சிலர் உண்டு. இவரும் நண்பர்களுமாகப் பத்துப் பேர் சேர்ந்து போய் மேலாளரைப் பார்த்தார்கள். மூன்று நாள் இழுபறி. கடைசியில் 'ஆட்குறைப்பு' என்று கடிதம் வந்தது. அதை வாங்கின பிறகுதான் கையெழுத்து!

பிடித்துக்கொண்ட 43,680

டிசம்பரில் பணம் வந்தது. பார்த்தால் 43,680 ரூபாய் குறைகிறது! கணக்குப் பிரிவில் கேட்டதற்கு, "மொத்தத் தொகைக்கும் வரி பிடிச்சாச்சு. வேணும்னா ரிட்டர்ன் போட்டு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். கடிதத்தில் வார்த்தையை மாற்றினார்களே தவிர, கணக்கில் யாரும் மாற்றவில்லை.

"வேலையே போயாச்சு. இது போனா என்ன?" என்று இவர் விட்டுவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. வந்த பணத்தில் பாதி கடனுக்குப் போயிற்று. மீதியைப் பிள்ளைகள் பேரில் பாங்கில் போட்டுவிட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தோம். பள்ளிக் கட்டணத்துக்கு என் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

2024 மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும், சாமான்களைக் கட்டிக்கொண்டு தென்காசியில் மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டோம். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்று எப்பேர்ப்பட்ட சோர்வையும் போக்கிவிடும் என்பார்கள். இவர் தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். சோர்வு மட்டும் போகவில்லை. கம்பெனிக் காகிதங்களை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு ரணம், சகோதரிகளே. நாம்தான் பக்குவமாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் மாதம் ஃபாரம் 16 வந்தது. வருஷத்தில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று கம்பெனி தருகிற சான்றிதழ் அது. அதையும் ஆட்குறைப்புக் கடிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருந்தது. பஸ் நிறைய அருவியில் குளிக்கப் போகிறவர்கள். நான் ஒருத்தி மட்டும் மேலகரத்தில் இறங்கினேன்.

திண்ணையில் போட்ட கணக்கு

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் பழைய நோட்டுப் புத்தகத்தில் அவர் போட்ட கணக்கு இது:

ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதச் சம்பளம் 3,20,000. நஷ்ட ஈடு 6,00,000. மொத்தம் 9,20,000. நிலையான கழிவு 50,000 போக 8,70,000. இதற்கு 2023-24ஆம் நிதியாண்டின் புதிய முறைப்படி வரி 42,000; மேல்வரி 4 சதவீதம் சேர்த்தால் 43,680. கம்பெனி பிடித்தது இதைத்தான்.

"இப்ப சரியான கணக்கப் பாரு தாயி" என்றார். 15 நாள் சம்பளம் 20,000 வீதம் பதினான்கு வருஷத்துக்கு 2,80,000. இது 5 லட்சத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே இதற்கு வரி இல்லை. 8,70,000-இல் இதைக் கழித்தால் 5,90,000. அந்த வருஷம் புதிய முறையில் 7 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி முழுவதும் தள்ளுபடி.

"அப்படின்னா எவ்வளவு கட்டணும் பெரியப்பா?"

"ஒரு சல்லிக்காசு கட்ட வேண்டாம்! பிடிச்சது அம்புட்டும் உன் பணம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிராஜுவிடி தனியாக வந்திருந்தது. அதற்கு 20 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அதில் வம்பு ஒன்றும் இல்லை.

எல்லாருக்கும் இதே கணக்குதானா?

இல்லை. இந்தச் சலுகை தொழிலாளர்களுக்குத்தான். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கும், சட்டம் சொல்கிற வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பொருந்தாது. ஆனால் அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் வேலை பார்த்து, வேலைக்காலம் முடிய இன்னும் மூன்று வருஷமாவது பாக்கி இருந்தால், ஒரே வருஷத்தில் மொத்தமாக வந்ததால் கூடுகிற வரிக்கு நிவாரணம் கேட்கலாம். ரிட்டர்ன் போடுமுன் அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

விருப்ப ஓய்வு என்றால் அது வேறு கணக்கு. விதிகளுக்கு உட்பட்ட திட்டமாக இருந்தால் 5 லட்சம் வரை வரி இல்லை. ஆயுளில் ஒரு முறைதான். நான் நோட்டும் கையுமாக அலைந்த அதே 2024 ஜூனில்தான் நம் மலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுக் காகிதங்களோடு நின்றார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. 2028இல் முடிய வேண்டிய குத்தகைக்கு முன்பே கம்பெனி விலக முடிவு செய்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள்! 'ராஜினாமா', 'விருப்ப ஓய்வு', 'ஆட்குறைப்பு' மூன்றும் வீட்டில் ஒரே துக்கம்தான். சட்டத்தில் மூன்றும் வேறு வேறு.

பி.எஃப். பணத்திலும் கவனம் வேண்டும். ஐந்து வருஷம் நிறையாமல், 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் இன்னும் அதிகம். ஆனால் கம்பெனியே மூடிப்போய் வேலை போனாலோ, உடல்நலக் குறைவால் வேலை போனாலோ, ஐந்து வருஷம் நிறையாவிட்டாலும் வரி கிடையாது. புது வேலை கிடைத்தால் பணத்தை எடுக்காமல் அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுவது உத்தமம். பழைய சர்வீஸும் சேர்ந்துகொள்ளும்.

சட்டங்கள் மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது அதிலும் இருக்கிறது. வருமானவரிக்கும் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும்படி 2025இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். ஆட்குறைப்புச் சலுகை அதிலும் உண்டு. பிரிவு எண்கள்தான் வேறு. புதிய முறையில் முழுத் தள்ளுபடிக்கான வரம்பும் 2025-26 முதல் 12 லட்சமாக உயர்ந்தது. ஆகவே எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் வருஷத்து விதியை ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பீரோவில் ஒரு பை

ஜூலை 31 கெடு. அதற்கு ஒரு வாரம் முன்பே ரிட்டர்ன் போட்டோம். பிடித்த வரியைக் கம்பெனி இவருடைய பான் எண்ணில் கட்டியிருக்கிறதா என்று வருமானவரித் துறையின் இணையதளத்தில் முதலில் பார்த்துக்கொண்டோம். பான் எண்ணோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பி வராது. பாங்க் கணக்கையும் அங்கே சரிபார்த்து வைக்க வேண்டும்.

வேலை போகிற வீட்டில் பத்திரப்படுத்த வேண்டியவை இவை: வேலையில் சேர்ந்த உத்தரவு, நிறுத்திய கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கணக்குத் தீர்த்த தாள், ஃபாரம் 16, பி.எஃப். எண். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். வரி இலாகா பிறகு கேள்வி கேட்டால் காட்டுவதற்கு இவைதான் சாட்சி. நான் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு நாள் இவருடைய போனில் மணி அடித்தது. 43,680 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கணக்கில் ஏறியிருந்தது! இவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். "நான் விட்டுட்டேன். நீ விடலை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அடகுக் கடைக்குப் போய்ச் சங்கிலியை மீட்டோம். அடுத்த மாதம் தென்காசியிலேயே ஒரு லேத் பட்டறையில் இவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் இப்போதெல்லாம் ராத்திரி தட்டில் தோசை மிச்சம் இருப்பதில்லை.